அட்ஹாக் என்ற சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்?

செய்தித்தாளைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு ‘அட்ஹாக்’ பழகிய சொல்தான். அட்ஹாக் கமிட்டி, அட்ஹாக் நீதிபதி, அட்ஹாக் நியமனம் என்று ஏதாவது ஒன்றின் முன்னால் ஒட்டிக்கொண்டு வரும். கம்ப்யூட்டர் படிக்கிறவர்கள் அட்ஹாக் நெட்வொர்க் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். ‘இங்கே எல்லாமே அட்ஹாக்தான்’ என்று அலுவலகத்தில் அலுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இத்தனை இடங்களிலும் ‘தற்காலிகம்’ என்று பொருள் எடுத்துக்கொண்டு மேலே நகர்ந்துவிடுகிறோம். பெரும்பாலும் வாக்கியம் புரிந்தும் விடுகிறது. ஆனால் அப்படிப் படிக்கும்போது சொல்லின் முக்கியமான பாதி கழன்று விழுந்துவிடுகிறது. அந்தப் பாதி இல்லாமல் அட்ஹாக் நீதிபதி என்பவர் யார், அறிவியலில் ஏன் அட்ஹாக் என்று குறை சொல்கிறார்கள் என்பதெல்லாம் விளங்காது.

சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடலாம். இது லத்தீன் தொடர். ‘அட்’ என்பது நம் ‘-க்கு, -க்காக’ மாதிரி. ‘ஹோக்’ என்றால் ‘இது’. நாம் இவன், இவள், இது என்று மூன்றாகப் பிரிப்பதுபோலவே லத்தீனிலும் ஹிக், ஹைக், ஹோக் என்று மூன்று உண்டு. அதில் மூன்றாவதுதான் இங்கே வருகிறது. சேர்த்துச் சொன்னால் ‘இதற்காக’. ஆங்கிலத்தின் வாயில் ஹோக் ‘ஹாக்’ ஆகி, அதே ஒலியோடு நம்மிடம் வந்திருக்கிறது. காலம், நேரம், கெடு எதைப் பற்றியும் அந்த இரண்டு சொற்களில் ஒரு எழுத்துகூடக் கிடையாது.

ஆங்கிலத்துக்குள் இது 17ஆம் நூற்றாண்டில் நுழைந்தது. சட்டம் படித்தவர்களும் அறிஞர்களும் லத்தீனில் எழுதியே பழகியிருந்த காலம். ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று யாரையாவது அமர்த்தினால், ‘அட்ஹாக்காக அமர்த்தப்பட்டவர்’ என்று எழுதினார்கள். எதற்காக என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் முதலில் அந்தச் சொல் நின்றது. ‘அட்ஹாக் கமிட்டி’ என்று பெயருக்கு முன்னால் அடைமொழியாக நிற்கும் பழக்கம் வெகு பின்னால் வந்தது. அடைமொழியான பிறகுதான் ‘எதற்காக?’ என்ற கேள்வி மெல்ல மறந்து, ‘எத்தனை நாளைக்கு?’ என்ற கேள்வி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஒரு பாலம் இடிந்து விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாலங்களையும் சாலைகளையும் பார்த்துக்கொள்ள நிலைக்குழு ஒன்று ஏற்கெனவே இருக்கும். ஆனால் இந்த ஒரு பாலம் ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்க மட்டும் ஐந்து பேரை நியமிக்கிறார்கள். இதுதான் அட்ஹாக் குழு. அவர்கள் இடிபாட்டைப் பார்ப்பார்கள், கான்கிரீட் மாதிரியைச் சோதனைக்கு அனுப்புவார்கள், ஒப்பந்தக் கோப்புகளைப் புரட்டுவார்கள், அறிக்கை கொடுப்பார்கள். கொடுத்ததும் குழு கலைந்துவிடும். மூன்று மாதக் கெடு ஆறு மாதமாக நீளலாம், ஒரு வருடமும் ஆகலாம். அதனால் அதன் தன்மை மாறிவிடாது. ஆனால் ‘பக்கத்தில் இன்னொரு பாலமும் ஆட்டம் காண்கிறதே, அதையும் பார்த்துவிடலாம்’ என்று அவர்களாகவே கிளம்ப முடியாது. அது அவர்களிடம் ஒப்படைத்த வேலை அல்ல. அட்ஹாக்குக்கு எல்லை போடுவது காரியம். காலம் அந்தக் காரியத்தின் பின்னால் வருகிறது.

இதை மிகத் தெளிவாகப் பார்க்கக்கூடிய இடம் ஹேக் நகரில் இருக்கிற சர்வதேச நீதிமன்றம். அங்கே 15 நீதிபதிகள், ஒவ்வொருவருக்கும் ஒன்பது ஆண்டுப் பதவிக்காலம். ஒரே நாட்டைச் சேர்ந்த இருவர் இருக்கக்கூடாது. நாடுகளுக்கு இடையிலான வழக்கு என்பதால் ஒரு சிக்கல் வரும்: வழக்காடும் இரண்டு நாடுகளில் ஒன்றைச் சேர்ந்த நீதிபதி ஏற்கெனவே அமர்வில் உட்கார்ந்திருப்பார், இன்னொரு நாட்டுக்கு யாரும் இருக்கமாட்டார்கள். நீதிமன்றத்தின் சட்ட விதி 31 இதற்கு வழி சொல்கிறது. அந்த இன்னொரு நாடு, அந்த வழக்குக்கு மட்டும் ஒருவரை நீதிபதியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அவர்தான் அட்ஹாக் நீதிபதி. இரண்டு தரப்புக்குமே ஆள் இல்லையென்றால் இரண்டு நாடுகளும் ஆளுக்கொருவரைத் தேர்ந்தெடுக்கலாம்.

குல்பூஷண் ஜாதவ் வழக்கு நினைவிருக்கும். இந்தியரான அவர் உளவு பார்த்தார் என்று சொல்லி, பாகிஸ்தான் அவருக்கு மரண தண்டனை விதித்திருந்தது. தூதரக உதவி பெறும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது என்று இந்தியா 2017 மே மாதம் ஹேக்குக்குப் போனது. அமர்வில் இந்தியாவைச் சேர்ந்த தல்வீர் பண்டாரி ஏற்கெனவே நீதிபதியாக இருந்தார். பாகிஸ்தானைச் சேர்ந்தவர் யாரும் இல்லை. எனவே அந்த நாட்டின் முன்னாள் தலைமை நீதிபதி தசாதுக் உசேன் ஜிலானியை அட்ஹாக் நீதிபதியாகப் பாகிஸ்தான் தேர்ந்தெடுத்தது. 2019 ஜூலை 17 அன்று வந்த தீர்ப்பில், தூதரக உறவு பற்றிய வியன்னா ஒப்பந்தத்தைப் பாகிஸ்தான் மீறியது என்று 15 பேர் சொன்னார்கள். மாறுபட்ட ஒரே ஓட்டு ஜிலானியுடையது.

இங்கே கவனிக்க வேண்டியது அவருடைய தகுதி. அட்ஹாக் என்பதால் அவர் அரை நீதிபதி ஆகிவிடவில்லை. முடிவெடுப்பதில் மற்ற நீதிபதிகளோடு முழுச் சமநிலையில் அவர் பங்கேற்க வேண்டும் என்று அதே விதி 31 சொல்கிறது. அவருடைய ஓட்டின் எடையும் மற்றவர்கள் ஓட்டின் எடையும் ஒன்றே. அந்த வழக்கைத் தாண்டினால் மட்டும் அவருக்கு அந்த நாற்காலி கிடையாது. அதிகாரம் முழுசு, பரப்பு குறுகலானது. ‘தற்காலிக நீதிபதி’ என்று நாம் எழுதும்போது இந்த நுட்பம் அடிபட்டுப் போகிறது. ஏதோ ஆள் கிடைக்கும் வரை உட்காரவைத்தவர் என்ற தோற்றம் வந்துவிடுகிறது.

அட்ஹாக் என்றால் குறுகிய காலம் என்ற எண்ணத்தையும் சர்வதேசச் சட்டமே உடைக்கிறது. யூகோஸ்லாவியா சிதறியபோது நடந்த போர்க் குற்றங்களை விசாரிக்க, ஐ.நா. பாதுகாப்புச் சபை 1993 மே 25 அன்று 827ஆம் தீர்மானத்தின் மூலம் ஒரு தீர்ப்பாயத்தை அமைத்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் ருவாண்டா இனப்படுகொலைக்கென்று இன்னொன்று. சட்டம் படிக்கிறவர்கள் இவை இரண்டையும் இன்றைக்கும் அட்ஹாக் தீர்ப்பாயங்கள் என்றுதான் அழைக்கிறார்கள். ருவாண்டா தீர்ப்பாயத்தின் அதிகார வரம்பைப் பாருங்கள்: 1994 ஜனவரி 1 முதல் அதே ஆண்டு டிசம்பர் 31 வரை ருவாண்டாவில் நடந்த குற்றங்கள், அதே காலத்தில் அண்டை நாடுகளில் ருவாண்டாக்காரர்கள் செய்த குற்றங்கள். அதற்கு முந்தைய நாளும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. ‘இதற்காக’ என்ற சொல்லை இதைவிடக் கறாராக யாரும் எழுதிவிட முடியாது. ஆனால் அந்த ஓராண்டின் குற்றங்களை விசாரித்து முடிக்க 2015 இறுதி வரை ஆனது. யூகோஸ்லாவியா தீர்ப்பாயம் 161 பேர் மீது குற்றம் சாட்டி, 2017 டிசம்பர் 31 அன்றுதான் கதவைச் சாத்தியது. 24 ஆண்டுகள்! அத்தனை ஆண்டும் அது அட்ஹாக் அமைப்புதான்.

ஒவ்வொரு கொடுமைக்கும் ஒவ்வொரு தீர்ப்பாயத்தைப் புதிதாக அமைத்துக்கொண்டிருக்க முடியாது என்ற பேச்சும் வலுத்து, 1998இல் ரோம் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாகி, 2002 ஜூலை 1 முதல் நிரந்தரமான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் நடைமுறைக்கு வந்தது. அட்ஹாக்குக்கு எதிர்ச்சொல் என்ன என்று கேட்டால் இதைக் காட்டலாம். இன்னும் நடக்காத குற்றங்களுக்காகவும் காத்திருக்கிற அமைப்பு அது.

சரி, அப்படியானால் காலத்தைக் குறிக்கிற சொற்கள் எவை? லத்தீனிலிருந்தே வந்த இன்னும் இரண்டு நம்மிடையே புழங்குகின்றன. ஒன்று இன்டரிம். ‘இதற்கிடையில்’ என்று பொருள். இடைக்கால பட்ஜெட், இடைக்கால ஜாமீன், இடைக்காலத் தடை என்று நாம் சொல்வது இதைத்தான். தமிழ்ச்சொல் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1548இல் புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ், கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே ஓர் ஏற்பாட்டை அறிவித்தார். திருச்சபையின் பொதுச்சங்கம் கூடி முடிவு சொல்லும் வரை வழிபாடு இப்படி இருக்கட்டும், பாதிரியார்கள் மணம் செய்துகொள்வதை இப்போதைக்கு ஏற்கலாம் என்பது போன்ற விதிகள் அதில் இருந்தன. அந்த ஆணைக்குப் பெயரே ‘இன்டரிம்’. இரண்டு தரப்புக்கும் அது பிடிக்கவில்லை; நாலே வருடத்தில் கைவிடப்பட்டது. இன்டரிம் என்பதற்கு இரண்டு பக்கமும் கரை வேண்டும்: போனது ஒன்று, வரப்போவது ஒன்று. வரப்போவது எது என்று தெரியாவிட்டால் அதை இடைக்காலம் என்று சொல்லவே முடியாது.

இன்னொன்று புரோ டெம்போரே, சுருக்கமாக புரோ டெம். ‘இந்த நேரத்துக்கு’ என்று பொருள். சபாநாயகர் தேர்ந்தெடுக்கப்படும் வரை சபையை நடத்துகிறவரை இப்படிச் சொல்வார்கள். அமெரிக்க செனட்டிலும் இப்படி ஒரு பதவி 1789இலிருந்து இருக்கிறது. செனட்டுக்குத் தலைமை தாங்க வேண்டிய துணை அதிபர் சபைக்கு வராத நாட்களில் மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது ஆரம்பகால வழக்கம். 1890இல் அதை மாற்றி, அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படும் வரை அவரே நீடிக்கலாம் என்று முடிவு செய்தார்கள். பெயரில் ‘இந்த நேரத்துக்கு’ இருக்கிறது, பதவியோ நிரந்தரமாகிவிட்டது. சொல் ஒரு பக்கம் போக, ஏற்பாடு இன்னொரு பக்கம் போவது புதிதல்ல.

அப்படிப் போவதில் மனிதர்கள் நசுங்குகிற இடம் ஒன்று உண்டு: வேலை நியமனம். இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். கல்லூரியில் கணிதம் நடத்துகிறவர் மகப்பேறு விடுப்பில் போகிறார், அவர் திரும்பி வரும் வரை அந்த வகுப்புகளை எடுக்க ஒருவரை அமர்த்துகிறார்கள். இது நியாயமான அட்ஹாக் நியமனம். எதற்காக என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும், எப்போது முடியும் என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பணியிடமே காலியாக இருக்கிறது, மாணவர்கள் வருடா வருடம் வந்துகொண்டே இருக்கிறார்கள், கணிதம் என்றைக்கும் நடத்தப்பட வேண்டிய பாடம். அதில் ஒருவரை அமர்த்தி, சில மாதங்களுக்கு ஒருமுறை உத்தரவைப் புதுப்பித்துக்கொண்டே பத்து வருடம் ஓட்டினால் அதற்கு எந்தக் கணக்கில் அட்ஹாக் என்று பெயர்? முடிகிற காரியம் எதுவும் அங்கே இல்லை. வேலை நிரந்தரம், ஆளை மட்டும் தற்காலிகமாக வைத்திருக்கிறார்கள். சம்பள உயர்வு, பதவி உயர்வு, ஓய்வூதியம் எதையும் அவர் கேட்க முடியாது. அடுத்த உத்தரவு வருமா என்று ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். ‘இதற்காக’ என்று பிறந்த சொல்லை, எதற்காக என்று சொல்லாமலே ஒருவரை நிறுத்திவைக்கப் பயன்படுத்துவது அந்த ஆளுக்குச் செய்யும் அநியாயம்.

இந்த மாதிரி நடைமுறைகளால்தான் ‘அட்ஹாக்கிசம்’ என்று ஒரு வசைச்சொல்லே புழக்கத்தில் இருக்கிறது. திட்டம் கிடையாது, கொள்கை கிடையாது, பிரச்சினை வரும்போது அன்றைக்கு ஒரு ஒட்டு போடுவது என்று பொருள். இதற்கு நேர்மாறாக, அமெரிக்க எழுத்தாளர் ஆல்வின் டாஃப்லர் 1970இல் ‘அட்ஹாக்ரசி’ என்ற சொல்லைப் பரவலாக்கினார். ஒரு வேலைக்கென்று குழு கூடி, முடிந்ததும் கலைந்து, வேறு வேலைக்கு வேறு விதமாகச் சேருகிற நிறுவனங்கள்தான் வருங்காலம் என்பது அவர் எண்ணம். பியூராக்ரசிக்கு, அதாவது விதியும் படிநிலையுமாக இறுகிப்போன நிர்வாகத்துக்கு, மாற்று என்ற அர்த்தத்தில் அதைப் பாராட்டாகவே சொன்னார். ஒரே வேரிலிருந்து ஒரு வசையும் ஒரு பாராட்டும் வந்திருக்கின்றன.

அறிவியலில் கதை இன்னும் சுவையானது. ஒரு கோட்பாடு சொல்வது ஒன்று, கண்ணால் பார்ப்பது வேறொன்று என்று ஆகும்போது, கோட்பாட்டைக் காப்பாற்ற மட்டும் புதிதாக ஒன்றைச் சேர்த்தால், அதை ‘அட்ஹாக் கருதுகோள்’ என்பார்கள். பொதுவாக இது குறையாகத்தான் சொல்லப்படுகிறது. ஆனால் சேர்ப்பதெல்லாம் தவறா? யுரேனஸ் கோள், நியூட்டனின் விதிப்படி இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் சற்று விலகியே ஓடிக்கொண்டிருந்தது. நியூட்டனைக் கைவிடலாமா? பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே, கண்ணுக்குப் படாத இன்னொரு கோள் அதை இழுக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டார். அது வானத்தில் எங்கே இருக்கும் என்றும் குறித்துக் கொடுத்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே என்பவர் தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் அது இருந்தது. அதுதான் நெப்டியூன்.

அதே லெ வெரியே 1859இல் புதன் கோளைப் பார்த்தார். அதன் நீள்வட்டப் பாதை மெல்லச் சுழல்கிறது. தெரிந்த காரணங்களையெல்லாம் கழித்த பிறகும் ஒரு சின்ன மிச்சம் நின்றது. இன்றைய கணக்கில் நூற்றாண்டுக்கு 43 ஆர்க் விநாடி. ஒரு டிகிரியை 3,600 கூறாக்கினால் அதில் 43 கூறு, அதுவும் நூறு வருடத்தில். முன்பு பலித்த வழியையே அவர் மறுபடி எடுத்தார். சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே இன்னொரு கோள் இருக்கிறது என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பார்த்தேன் என்று சொன்னவர்களும் உண்டு. கிரகணத்துக்குக் கிரகணம் தேடினார்கள். அப்படி ஒரு கோளே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு வந்து, எந்தக் கோளையும் சேர்க்காமலே அந்த 43 விநாடியைக் கணக்கில் கொண்டுவந்தது.

இரண்டு முறையும் லெ வெரியே செய்தது ஒரே வேலை: ஒரு முரண்பாட்டுக்காக ஒரு கோளைச் சேர்த்தார். இரண்டையும் அவர் நேர்மையாகவே செய்தார், ஏனென்றால் ‘இந்த இடத்தில் போய்ப் பார்’ என்று சொல்லக்கூடிய கருதுகோள் அது. பார்த்தால் இருக்கும் அல்லது இருக்காது. கெட்ட பொருளில் அட்ஹாக் என்று சொல்லப்படுவது எப்போது தொடங்குகிறது என்றால், தேடியும் கிடைக்கவில்லை என்ற பிறகு, ‘அந்தக் கோள் மிகச் சின்னது, ஒளியே வீசாது, எந்தக் கருவிக்கும் அகப்படாது’ என்று ஒவ்வொரு ஓட்டையாக அடைக்கும்போதுதான். முரண்பாட்டை மூடுவதைத் தவிர வேறு எதையும் முன்கூட்டிச் சொல்லாத விளக்கம் அது. இங்கேயும் ‘இதற்காக’ என்ற மூலப்பொருள்தான் வேலை செய்கிறது: இதற்காக மட்டும், வேறு எதற்கும் உதவாமல்.

கம்ப்யூட்டர் உலகில் இந்தச் சொல்லுக்கு இப்படிப்பட்ட கெட்ட பெயர் இல்லை. வீட்டு வைஃபையில் நடுவே ஒரு ரௌட்டர் இருக்கும், எல்லாக் கருவிகளும் அதன் வழியாகத்தான் பேசும். ரௌட்டர் இல்லாமல் இரண்டு கருவிகள் நேராகவே பேசிக்கொண்டால் அது அட்ஹாக் முறை. 1997இல் வந்த முதல் வைஃபை தரநிலையிலேயே இதற்கு இடம் உண்டு. இன்னும் பெரிதாக, நூறு கருவிகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன, கோபுரமோ கம்பியோ இல்லை என்று வையுங்கள். ஒவ்வொரு கருவியும் அடுத்ததற்குத் தகவலைக் கடத்தி விடும். 2003இல் வெளியான ஏ.ஓ.டி.வி. என்ற நெறிமுறையில், வழிகளை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைப்பதில்லை. அனுப்ப வேண்டியது வந்ததும் ‘இன்னாருக்கு வழி தெரியுமா?’ என்று பக்கத்துக் கருவிகளிடம் கேட்கும். அவை தம் பக்கத்தில் கேட்கும். தெரிந்த கருவியிடமிருந்து பதில் வந்த வழியே திரும்பும். தகவல் போகும் வரை அந்தப் பாதை இருக்கும், சில விநாடிகள் பயன்படுத்தாமல் விட்டால் காலாவதியாகிவிடும். டேட்டாபேஸில் வேலை செய்கிறவர்கள் ‘அட்ஹாக் குவரி’ என்பதும் இதே பொருளில்தான்: மாதாமாதம் ஓடுகிற ரிப்போர்ட் கிடையாது, இப்போது எழுந்த ஒரு கேள்விக்கு இப்போது எழுதிய வினவல்.

இனி இந்தச் சொல் கண்ணில் பட்டால் ‘இதற்கென்றே’ என்று போட்டுப் படித்துப் பார்க்கலாம். இதற்கென்றே அமைத்த குழு, இந்த வழக்குக்கென்றே வந்த நீதிபதி, இந்தக் கேள்விக்கென்றே எழுதிய வினவல் என்று எல்லாம் ஒழுங்காக உட்காரும். எழுதும்போது ‘தனிநோக்கக் குழு’ என்றாலும் பொருள் கெடாது. ‘தற்காலிக’ என்று போடுவது தவறு என்று அடித்துச் சொல்லமாட்டேன். காலம்தான் விஷயம் என்கிற இடத்தில் போடலாம். ‘இதற்கென்றே’ என்று போட்ட பிறகும் எது அந்த ‘இது’ என்று உங்களால் சொல்ல முடியாமல் போனால், அந்த உத்தரவையோ அறிவிப்பையோ எழுதியவரிடமே அதைக் கேட்டுவிடுங்கள்.